குண்டூசி மிஸ்ஸுக்கு ஆறாயிரம் கல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானம் ஒன்றைத் தவிர.

வெட்கக்கேடான ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லிவிட்டால் மற்றது சுலபமாக வந்துவிடும். மூன்று மாதமாக நான் ஒரு தாயாக இருக்கிறேன்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் ஒரு பள்ளிக்கூடப் படக்கதை போடுகிறேன் இல்லையா, 'ஆறு சி' என்று. எழுத்து நான், படம் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் பெண். அவளை நாங்கள் படக்காரி என்போம். கதைக்கு அடியில் வாசகர்கள் கமெண்ட் எழுதலாம். ஆரம்பத்தில் ஒரு ஈ காக்காய் எழுதவில்லை. கடையில் ஆள் இல்லாவிட்டால் கடைக்காரனே வெளியே வந்து நின்று விலை கேட்பதுபோல, நானே 'ஒரு தாய்' என்ற பெயரில் 'என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான்' என்று எழுதிவைத்தேன். அடுத்த நாள் நிஜமான தாய் ஒருத்தி பதில் போட்டுவிட்டாள். "உங்க பையனுக்கு என்ன வயசுங்க? என் பையன் பத்து வயசாகியும் படுக்கைய நனைக்கிறான். என்ன பண்றதுன்னே தெரியல."

நான் என்ன செய்வேன்? சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைக்கச் சொன்னேன். பலன் தெரிகிறது என்கிறாள். வாரா வாரம் ஆலோசனை கேட்கிறாள். நாற்பத்தேழு வயதில், வாஷிங் மெஷினுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிற மீசைக்காரன் நான், ஆபீஸ் கழிப்பறையில் ஒளிந்துகொண்டு தாய்மையோடு பதில் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது ஆள் வேண்டிய மட்டும் வருகிறார்கள். அதுதான் வினை. எங்கள் கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் வாசகர்கள் பூவோ கல்லோ போடலாம். விரலால் தொட்டால் போதும். கதாநாயகன் அரைடிக்கெட்டுக்குப் பூ. சரி. அடுத்தவன் சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிற தடியன் ஒருவன் இருக்கிறான், அவனுக்குத்தான் கல் விழும் என்று நினைத்தேன். படக்காரி அவன் கன்னத்தில் குழி போட்டுவிட்டாள். அவ்வளவுதான். 'பாவம், பசிக்குதோ என்னவோ' என்று மூவாயிரம் பூ. கன்னத்தில் குழி விழுந்தால் கொலைகாரனுக்கும் இங்கே மன்னிப்பு உண்டு.

மன்னிப்பே இல்லாத ஒரே ஆள் குண்டூசி மிஸ். கணக்கு டீச்சர். சட்டைக் கையில் வரிசையாகக் குண்டூசி குத்தி வைத்திருப்பார். பத்தொன்பதாம் பகுதியில் அவர் பரீட்சை பேப்பர் கட்டைப் பிரித்து, குறைந்த மார்க்கிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போகிறார். முதல் பெயர் அரைடிக்கெட். மார்க் ஏழு. அந்த ஒரு வாரத்தில் ஆறாயிரம் கல். 'இவளை வேலையை விட்டுத் தூக்கு' என்கிறார்கள். 'மாடிப்படியில் உருட்டி விடு' என்கிறார்கள். இதைச் சொன்னது நான் ஆலோசனை சொல்லும் அந்தத் தாய்.

போன வாரம் 'பழைய மாணவி' என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "இது கதை இல்ல. இந்த மிஸ் நெஜமாவே இருக்காங்க. எங்களுக்கு எடுத்தாங்க. இன்னும் அதே ஸ்கூல்லதான்." அதற்கடியில் எந்த ஸ்கூல், எந்த ஸ்கூல் என்று நானூறு சொச்சம் பேர்.

அக்கா, நீ இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். பார்த்தாயா? குண்டூசியும் மிஸ்ஸின் வேக நடையும் உன்னிடமிருந்து கொஞ்சம் எடுத்தது. கொஞ்சம்தான். போனில் கேட்டிருப்பேன். அத்தான் சட்டை தேய்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார். அதனால் தாளில்.

உடனே எழுது.

உன்,
சின்னவன்


மார்ச் 11

சின்னவனுக்கு,

ஆசிகள். உன் கடிதம் வந்தது.

நானூறு சொச்சம் இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றையும் வாசித்தேன். இப்போது இன்னும் கூடியிருக்கும். எங்கள் ஆசிரியர் அறையில் அறிவியல் எடுக்கிறவள் போன மாதமே போனைக் கொண்டுவந்து, "மிஸ், இது யாரு மாதிரி இருக்குன்னு பாருங்களேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நானும் சிரித்தேன். அன்றைக்கு மூன்றாம் பீரியடில் வாய்ப்பாட்டில் தப்பு விட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

நான் வாசித்ததில் சில:

"இந்த மாதிரி ஆளுங்களுக்கு வீட்ல யாரும் இருக்க மாட்டாங்க, அதான் பிள்ளைங்க மேல காட்டுறாங்க."

"குண்டூசி சாகிற பகுதி எப்போ வரும்? லீவு போட்டுப் படிக்கணும்."

"எங்க மிஸ்ஸும் கீழேருந்துதான் வாசிப்பாங்க. கணக்குக்குப் பயந்து இன்னிக்கும் கடையில மீதிய எண்ணாமத்தான் வாங்குறேன்."

மூன்றாவதை எழுதியவள் யாரென்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கீழ் வரிசையில் உட்கார்ந்த முகம் ஒவ்வொன்றாக வருகிறது. ஒருத்தியையும் விட முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழாம் வகுப்புக்குப் பரீட்சைப் பேப்பர் கொடுக்க வேண்டியிருந்தது. கட்டை எடுத்துக்கொண்டு போனேன். பிரிக்கவில்லை. திருப்பி எடுத்துக்கொண்டு வந்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நடைபாதையில் யாரோ பின்னால் 'குண்டூசி' என்றார்கள். திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அது நான் என்று ஒத்துக்கொண்டதுபோல ஆகும்.

அடுத்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன் என்று உனக்குத் தெரியும். பிரிவு விழா வைக்கிறார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் ஒரு வரியில் பதில் சொல். அது நானா?

அந்தத் தாயிடம் பிள்ளையை டாக்டரிடம் காட்டச் சொல். உன் வைத்தியம் போதும்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வரியில் பதில் சொல்லச் சொன்னாய். நான் எப்போது ஒரு வரியில் எதையாவது சொல்லியிருக்கிறேன்? 'ஈரக் கையால் தொடாதீர்கள்' என்பதையே மூன்று பாராவாக எழுதித் திட்டு வாங்குகிறவன்.

நீ இல்லை அக்கா. டீச்சர் என்றால் எல்லோரும் ஒரு மாதிரிதான். வாஷிங் மெஷினும் அப்படித்தான். குலுங்காத மெஷின் எங்கே இருக்கிறது?

இதற்கு ஒரு வழி யோசித்துவிட்டேன். குண்டூசி மிஸ்ஸை நல்லவளாக்கிவிடப் போகிறேன். மழையில் நனைந்த நாய்க்குட்டி ஒன்றை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார், படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயாருக்குக் கஞ்சி ஊட்டுகிறார். இதைச் சொன்னதும் படக்காரி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"சார், பல்லு பிடுங்க வர்றவங்களே என்கிட்ட குண்டூசியப் பத்திதான் கேக்குறாங்க. வாயில பஞ்சு வெச்சிட்டே கேக்குறாங்க. நாய்க்குட்டியக் குடுத்தீங்கன்னா நம்மள அடிக்க வருவாங்க."

நான் கேட்கவில்லை. நாய்க்குட்டியை முன்னோட்டமாக ஒரே ஒரு கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். நாய்க்கு ஒன்பதாயிரம் பூ. மிஸ்ஸுக்கு இன்னும் எழுநூறு கல். 'நாய அவகிட்டேருந்து காப்பாத்துங்க' என்று ஒரு கூட்டமே கிளம்பியிருக்கிறது. பழைய மாணவியின் கமெண்டை அழித்தேன். 'அழித்தான் பார், அப்படியென்றால் உண்மைதான்' என்று அதையே எண்பது பேர் திரும்பப் போட்டுவிட்டார்கள். இருமலை அடக்கப் போய் விக்கல் வந்த கதை.

சரி, அதை விடு. நேற்று சாயங்காலம் போன் செய்தேன். அத்தான் எடுத்தார்.

"அக்கா எங்க அத்தான்?"

"தூங்குறா."

"அஞ்சு மணிக்கா?"

"லீவு போட்டிருக்கா. திங்கக்கிழமைலேருந்து. ஏன் எதுக்குன்னு கேட்டா பேச மாட்டேங்குறா. நீ ஏதாச்சும் சொன்னியா?"

இல்லை என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த 'இல்லை'. தேய்க்கிற பெட்டி உஸ்ஸென்றது. அப்புறம் அவர் வைத்துவிட்டார்.

காய்ச்சல் வந்தபோதுகூட நீ லீவு போட்டதில்லை. உன் கல்யாணத்துக்கே அரை நாள்தான் எடுத்தாய் என்று அத்தான் இன்றைக்கும் குறைப்பட்டுக்கொள்வார். எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உன் தம்பி பெண்டாட்டி, "என்ன, கமெண்ட் வரலியா?" என்கிறாள். என் கவலைக்கு வேறு காரணமே இருக்காதாம்.

எப்போது ஸ்கூலுக்குப் போகப்போகிறாய்? அதை மட்டும் எழுது.

சின்னவன்


மார்ச் 22

சின்னவனுக்கு,

'நீ இல்லை' என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே ஒரு பக்கம் வியர்த்திருக்கிறாய். இப்படி விடை எழுதுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். விடையை எங்கிருந்தோ பார்த்து எழுதியிருப்பார்கள், வழிமுறை இருக்காது.

ஒன்று சொல்லவேண்டும். உன் கதையை நான் படித்ததே இல்லை. ஒரு பகுதிகூட. அறிவியல் டீச்சர் காட்டியபோது கண்ணாடி இல்லை. வீட்டுக்கு வந்து என் போனில் பார்த்தால் படம் வருவதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கமெண்ட்தான் உடனே திறக்கிறது. அதனால் அதைத்தான் படித்தேன். அவர்கள் சொல்வதை வைத்துக் கதை இப்படி இருக்கும் என்று நானாகப் போட்டுப் பார்த்துக்கொண்டேன். விடையிலிருந்து கணக்கைக் கண்டுபிடிப்பதுபோல.

அந்த ஏழு மட்டும் போட்டுப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது எனக்குத் தெரிந்த ஏழு.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. உன்னை என் வகுப்பிலேயே போட்டார்கள், ஆறாம் வகுப்பில். வேண்டாம் என்றேன், தலைமையாசிரியர் கேட்கவில்லை. உன்னிடம், வகுப்பில் அக்கா என்று கூப்பிடாதே என்றேன். நீ "சரி மிஸ்" என்றாய். அந்த வருஷம் முழுக்க வீட்டிலும் மிஸ் என்றே கூப்பிட்டாய். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் பரீட்சையில் உனக்கு ஏழு மார்க். கட்டைப் பிரிக்கிற நேரத்தில் வகுப்பில் இரைச்சலாக இருக்கும். பெஞ்சை இழுப்பார்கள், பை மூடுவார்கள், ஒருத்தன் இன்னொருத்தனைத் திட்டுவான். மார்க் சொல்லச் சொல்லத்தான் அடங்கும். கடைசியில் வருகிற மார்க்தான் எல்லோருக்கும் கேட்கும். அதனால் குறைந்ததை முதலில், அந்த இரைச்சலோடு இரைச்சலாகச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் காதில் விழாது. கடைசிப் பிள்ளைக்கும் பயம் சீக்கிரம் முடியும். மற்றவர்கள் மார்க்கை அவன் நிம்மதியாகக் கேட்கலாம். அப்படித்தான் கீழிருந்து வாசிக்கிற வழக்கம் வந்தது. முப்பத்தாறு வருஷமாக ஒரு வகுப்புக்கும் மாற்றி வாசித்ததில்லை.

அதைப் பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஆறாயிரத்து எழுநூறு கல்.

ஸ்கூலுக்கு எப்போது என்று கேட்டாய். தெரியவில்லை. அந்தக் கட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் மார்க் தெரியாமல் இருக்கிறார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லி மிச்ச நாளையும் இப்படியே கழித்துவிடலாம் என்று அத்தான் சொல்கிறார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

படிக்கவே இல்லையா?

மன்னித்துக்கொள். உன் கடிதத்தில் எவ்வளவோ இருக்க, என் கண் போய் நின்றது அங்கேதான். இருபத்தாறு பகுதி அக்கா. இருபத்தாறு வெள்ளிக்கிழமை. பழைய மாணவி எவளோ படிக்கிறாள், படுக்கை நனைக்கிற பிள்ளையின் தாய் படிக்கிறாள், என் கூடப் பிறந்தவள் கமெண்ட் மட்டும் படித்திருக்கிறாள். எழுதுகிறவனின் புத்தி இதுதான். வீடு பற்றி எரிந்தாலும் கொல்லைப்புறமாகப் போய்த் தன் படம் மாட்டிய சுவர் இருக்கிறதா என்று பார்ப்பான்.

இப்போது ஒரு வரியில் சொல்கிறேன். அது நீதான்.

கொஞ்சம் இல்லை, முழுக்க நீ. ஏழு என் ஏழு. அரைடிக்கெட் நான். உருண்டைக் கண்ணும் அழகான சுருட்டை முடியும் படக்காரி கொடுத்தது, அந்த அளவுக்கு நான் பொறுப்பில்லை.

கீழிருந்து வாசித்ததற்கு நீ சொன்ன காரணத்தை எத்தனை தடவை படித்தேன் தெரியுமா? மடிப்பில் தாள் கிழிந்துவிட்டது. முப்பத்தாறு வருஷமாக வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தத் தம்பியை எல்லோர் முன்னாலும் முதல் ஆளாக நிறுத்தி அசிங்கப்படுத்தினாள் என்று. பெஞ்சு சத்தமா? எனக்கு ஞாபகம் இருக்கிற வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். உன் குரல் மட்டும்தான் இருந்தது. பதினொரு வயதுப் பயலுக்குக் காது அடைத்துப் போயிருக்கும், என்ன தெரியும்? நீ சொல்வதுதான் சரி.

அதனால் ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தேழாம் பகுதி. அதே வகுப்பு, அதே கட்டு, இந்தத் தடவை மிஸ்ஸின் பக்கத்திலிருந்து. பெஞ்சு இழுக்கிற சத்தம், பை மூடுகிற சத்தம், எல்லாவற்றையும் படக்காரி பெரிய எழுத்தில் கட்டம் முழுக்க நிரப்பியிருக்கிறாள். அவற்றுக்கு நடுவில், கண்ணாடி வைத்துத் தேடினால்தான் தெரிகிற மாதிரி, சின்னதாக 'ஏழு'. வரைந்து முடித்துவிட்டுப் படக்காரி மூக்கைச் சிந்தினாள். "சார், இதுக்கு நாய்க்குட்டியே வேணாம்" என்றாள்.

ஆறாயிரத்து எழுநூறும் பூவாக மாறும் அக்கா. எனக்கு வாசகர்களைத் தெரியும். போன மாதம் மாடிப்படியில் உருட்டச் சொன்னவள்தான் வருகிற வெள்ளிக்கிழமை முதலில் அழுவாள். உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள். அறிவியல் டீச்சரும் படிப்பார். நீ நிமிர்ந்து உள்ளே போகலாம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போட வேண்டும். உன் சம்மதம் இல்லாமல் போடமாட்டேன். இதுவரைக்கும் உன்னைக் கேட்காமல் செய்தது போதும். சரி என்று ஒரு வார்த்தை வியாழக்கிழமைக்குள் வந்து சேரும்படி எழுது. தபால்காரர் வருகிற நேரத்துக்கு ஆபீஸிலிருந்து வந்துவிட்டுப் போகிறேன். மேலாளரிடம் எனக்குப் பல் வலி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்,
சின்னவன்


ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படித்துவிட்டு, அலமாரிச் சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். அத்தான் வாசல் வரைக்கும் வந்து, "கொடை எடுத்துக்கிட்டியா?" என்றார். மழையே இல்லை. பாவம் அவர்.

ஏழாம் வகுப்பில் கட்டை மேசைமேல் வைத்தேன். முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "மிஸ், கீழேருந்தா, மேலேருந்தா?" என்று கேட்டாள். அப்படியென்றால் எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

"ஒங்களுக்கு எப்படி வேணும்?" என்றேன்.

இப்படி ஒரு கேள்வியை நான் வகுப்பில் கேட்டதே இல்லை. பெரிய கூச்சலாகிவிட்டது. மேலேருந்து என்று ஒரு கட்சி, கீழேருந்து என்று ஒரு கட்சி, வாசிக்கவே கூடாது என்று ஒரு கட்சி. கடைசி பெஞ்சில் ஒரு பெண், பையைத் தோளில் மாட்டியபடி எழுந்து நின்றாள்.

"எங்கேருந்து வாசிச்சாலும் கடைசி நான்தான் மிஸ். எல்லாருக்கும் தெரியும். பேப்பரக் குடுத்துட்டீங்கன்னா பஸ்ஸப் பிடிச்சிருவேன்."

கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, "பன்னெண்டா, பரவால்ல" என்று சொல்லிவிட்டு ஓடினாள். மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தேன். இது முப்பத்தாறு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

மாதக் கடைசி வரை போவேன். பிரிவு விழா வேண்டாம் என்று சொன்னது சொன்னதுதான். பேச்சுக்களை என்னால் தாங்க முடியாது.

அறிவியல் டீச்சர் அவள் போனைக் கொடுத்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு உன் கதையைப் படித்தேன். முதல் ஐந்து பகுதி சுமார். பத்துக்கு மேல் தேவலாம். தடியன் எனக்கும் பிடித்திருக்கிறது. பத்தொன்பதாம் பகுதியை இரண்டு தடவை படித்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை.

இருபத்தேழைப் போடாதே. எனக்கு அந்தப் பூ வேண்டாம். கல் அப்படியே இருக்கட்டும். படக்காரியின் உழைப்பு வீணாகிறதே என்று வருத்தம்தான், நான் கேட்டதாகச் சொல். காரணத்தை இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் எழுதாமல் இந்த உறையை ஒட்டவும் முடியவில்லை. பின்குறிப்பாக எழுதுகிறேன். படித்துவிட்டு எனக்குப் போன் செய்யாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

அக்கா

பி.கு: இரைச்சலோடு வாசித்தது மற்ற பிள்ளைகளுக்கெல்லாம், உனக்குப் பிறகு. உனக்கு வாசித்த அன்று, எல்லோரும் அடங்கட்டும் என்று மேசையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். தம்பிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவர்கூடச் சொல்லிவிடக் கூடாதே என்று. உன் பெயரைத்தான் முதலில் வாசித்தேன். அந்தக் கட்டில் நான்கு மார்க் வாங்கியவன் ஒருவன் இருந்தான்.